தோளில் மிஞ்சிய கை

ஒரு மனிதரை அழிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறை. தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. மேசையில் என் மனைவி சொர்ணம் வைத்துவிட்டுப் போன காபி, மேலே ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. மடிக்கணினியில் என் பேத்தி நிவேதாவின் நிச்சயதார்த்தப் படம். இரண்டு குடும்பத்தாரும் வரிசையாக நிற்கிறார்கள், சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். நானே எடுத்த படம்.

பின்வரிசையில், மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒருவர். தோளில் துண்டு, சட்டையில் மஞ்சள் கறை, ஒரு கையில் சாம்பார் வாளி. மற்றவர்களெல்லாம் பட்டும் சரிகையுமாக இருக்க, இவர் மட்டும் என் படத்தின் அழகைக் கெடுத்துக்கொண்டு நின்றார். அவர் மேல் மவுஸை ஒரு இழுப்பு இழுத்தேன். ஆளைக் காணோம். அவர் நின்ற இடத்தில் மண்டபத்துச் சுவரும் நீலத் திரைச்சீலையும் எப்போதும் அங்கேயே இருந்தவை போல வந்து நின்றுகொண்டன.

நான் கைதட்டினேன். இந்த வயதில், தனியாக, சத்தமாக.

"என்னங்க, கொசுவா?" என்று கீழேயிருந்து கேட்டாள் சொர்ணம்.

"கொசு இல்ல. சமையல்காரன்!" என்றேன்.

இந்தத் தொடரில் இதுவரை பழங்கதைகளாகவே எழுதிவந்தேன். போன வாரம் ஆய்வகத்தில் அமிலம் கொட்டி என் வேட்டியில் ஓட்டை விழுந்த கதையைப் படித்துவிட்டு, "இப்போதெல்லாம் உங்களுக்கு அப்படி எதுவும் நடப்பதில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடக்கிறது அம்மா. வேட்டி தப்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

சின்னதா, பெரிசா?

நிச்சயம் முடிந்த கையோடு, கல்யாண ஃப்ளெக்ஸுக்கான படத்தை நானே தயார் செய்துதருவேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கியவன். படத்தைத் திருத்தும் மென்பொருள் ஒன்றுதான் பாக்கி.

தென்காசி சாலையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயந்தியிடம் போய்க் கேட்டேன். அந்தப் பெண்தான் வடிவமைப்பாளர், அச்சடிப்பவர், முதலாளி எல்லாம்.

"சார், உங்க போன்லயே ஒண்ணு இருக்கும். ஓரத்த வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், சாஞ்சிருந்தா நிமித்தலாம். உங்களுக்கு அம்புட்டுதான வேணும்?"

"நீ எதுல வேல பாக்கே?"

"நான் பெரிசுல பாக்கேன். எனக்கு இது பொழப்பு சார்."

"அப்ப எனக்கும் பெரிசுதான்."

"அதுல எம்புட்டு பட்டன் இருக்கு தெரியுமா? நானே பாதியத் தொட்டதில்ல."

"நீ தொடாத பாதிய நான் தொடுதேன்."

அவள் சிரித்துவிட்டாள். "தொடுங்க, தொடுங்க. தொட்டுட்டு மாட்டிக்கிட்டா கூப்பிடுங்க."

அவள் சொன்னதில் தவறே இல்லை. சாதாரணச் செயலி படம் முழுவதையும் ஒன்றாகத்தான் தொடும். வெளிச்சம் கூட்டினால் எல்லார் முகத்திலும் கூடும், குறைத்தால் எல்லாருக்கும் குறையும். ஒரு வகையில் அது நியாயமான ஆள். தொழில்காரர்களின் மென்பொருள் அப்படியில்லை. யாருக்கு வெளிச்சம், யாருக்கு இருட்டு, யார் இருக்கலாம், யார் போகலாம் என்று ஒவ்வொருவராகத் தீர்மானிக்கும் அதிகாரத்தை உங்கள் கையில் கொடுத்துவிடும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான் என்று அப்போது எனக்கே தெரியாது. "தரம்" என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

இட்லிக்குத் தெரியுமா?

பெரிசு மீது எனக்கு இருக்கும் மோகம் புதிதல்ல. ஓய்வு பெற்ற புதிதில் ஆய்வகத் தராசு ஒன்றை வீட்டுக்கே வாங்கிவந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், மூச்சு விட்டால் முள் ஆடும். அதில் இட்லி அரிசியையும் உளுந்தையும் மில்லிகிராம் சுத்தமாக நிறுத்துத் தந்தேன். ஒரு கிண்ணம் அரிசியை நிறுக்க முற்பகல் போய்விடும். சொர்ணம் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "நீங்க எம்புட்டு நிறுத்தீங்கன்னு இட்லிக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டாள். தராசின் மேல் இப்போது அவளுடைய துவைத்த துணிகள் இருக்கின்றன.

படத்தைத் திருத்துவதும் எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் எனக்கு மீசை இருக்கும். கல்யாணத்தன்று எனக்கு மீசை கிடையாது. ஸ்டூடியோக்காரர், "மாப்பிள்ள சின்னப் பயலா தெரியுதாரு" என்று அச்சிட்ட படத்தின் மேல் பென்சிலால் தீட்டித் தீட்டி ஒரு மீசையை வளர்த்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொர்ணம், "நான் கட்டிக்கிட்டது வேற ஆளு, இவரு நல்லாத்தான் இருக்காரு" என்பாள்.

ஆனால் அந்த ஸ்டூடியோக்காரர் மீசையைச் சேர்த்தாரே ஒழிய யாரையும் எடுத்துவிடவில்லை.

அழிக்கும் இன்பம்

வாளிக்காரர் போனதும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அழித்தேன். சுவரில் தொங்கிய மின்கம்பியை அழித்தேன். என் மைத்துனன் கையில் பாதி கடித்த வடை ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டதும் அவன் எல்லாரையும் ஆசீர்வதிப்பவன் போல ஆகிவிட்டான். ஒரு பெரியம்மாவின் கொட்டாவியை மூடினேன். மாடியில் உட்கார்ந்தபடி ஹா ஹா என்று சிரித்தேன். அத்தனை சந்தோஷமாக நான் இருந்து பல காலம் ஆகியிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாப்பிள்ளை கார்த்திக்குக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன்தான் வளர்த்து ஆளாக்கினார் என்று தரகர் சொல்லியிருந்தார். முன்வரிசை நடுவில் தங்கச் சங்கிலியும் பட்டு வேட்டியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் மாமன் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அவர் முகத்துக்கு மட்டும் தனியாக வெளிச்சம் கொடுத்தேன். சங்கிலிக்குக் கொஞ்சம் கூடுதல் மினுமினுப்பு.

அவர் மண்டபத்தின் சொந்தக்காரர். சாவி வாங்கிப் போக வந்தவரை, யாரோ மரியாதைக்கு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் மாமன் யார்? அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று பெண் வீட்டாரின் பந்திக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் தன் கையால் பரிமாற வேண்டும். எத்தனை பெரிய சமையல் ஆட்கள் வந்திருந்தாலும் வாளி அவர் கையில்தான். அவர்கள் பெண் வீட்டுக்குச் செய்யும் மரியாதை அது. அந்த மரியாதையை நான் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். "ஏப்பா, இங்கிட்டு சாம்பார். கத்திரிக்காயாப் பாத்துப் போடு" என்று வேறு சொல்லியிருந்தேன். அவரும் பார்த்துத்தான் போட்டார்.

இன்னொரு தவறும் செய்தேன். பெரிய மென்பொருளில் கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யலாம். அடியில் அசல் படம் சேதமில்லாமல் இருக்கும். அதற்கான பாடங்கள் எல்லாமே இதைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. நான் பாடத்தை நடுவிலிருந்து பார்த்தவன். அசல் படத்தின் மேலேயே சேமித்தேன். கேமராவின் மெமரி கார்டையும் காலி செய்து வைத்தேன். இவ்வளவு அழகான படம் இருக்க அந்த அழுக்குப் படம் எதற்கு என்று நினைத்தேன்.

யார் கை?

கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் ஃப்ளெக்ஸ் ஏறியது. மாடி உயரம். நிவேதா போனில் கூப்பிட்டாள்.

"தாத்தா, சூப்பரா இருக்காம். ஆனா கார்த்திக் தோள்ல யாரு கை?"

"என்ன கை?"

"கைதான் தாத்தா. ஆளில்ல. கை மட்டும் இருக்கு. நாலு வெரலு."

மடிக்கணினியில் சட்டை மடிப்பு போலத் தெரிந்தது, மாடி உயரத்தில் நாலு விரலாகத் தெரிந்திருக்கிறது. கார்த்திக்கின் நண்பர்கள் அந்தக் கைக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சொர்ணமும் என்னவென்று கேட்டுச் சிரித்தாள்.

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். இப்போது சிரிப்பு இல்லை.

"தாத்தா, அது கார்த்திக்கோட முத்தையா மாமா கை. அத்தை, அதான் கார்த்திக் அம்மா, வெரல்ல இருக்க செப்பு மோதிரத்த வச்சுக் கண்டுபிடிச்சிட்டாங்க. மாமா வந்து பாத்தாங்களாம். செத்த நேரம் நின்னுட்டு, 'எம் மொகம் அவியளுக்கு ஆகல போலுக்கு. நான் கல்யாணத்துக்கு வரல'ன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிட்டாங்களாம். அத்தை அழுறாங்க. மாமா கையால மால விழாம கார்த்திக் மேடை ஏற மாட்டேங்கான்."

அதற்கு என் நாக்கு சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "கடையில... ஃப்ளெக்ஸ் கடையில ஏதாவது செஞ்சிருப்பாங்க" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஜெயந்தி கூப்பிட்டாள்.

"சார், ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வரிசையா கூப்பிட்டு ஏசுதாங்க. ஆள அழிச்சிட்டேனாம்ல? நீங்க தந்தத அப்படியேதான போட்டேன்?"

"ஆமா."

"நான் உங்க பேரச் சொல்லல. நீங்களே சொல்லிருவீங்கன்னு விட்டுட்டேன்." வைத்துவிட்டாள்.

சொர்ணம் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். "ஒரு ஆள அழிச்சாச்சு. இப்ப இந்தப் பிள்ளையையும் அழிக்கப் போறீங்களா?" என்றாள்.

மாமன் கடையில்

மறுநாள் காலை மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் கோழியோடு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். 'தொழில்நுட்பக் கோளாறு' என்பதில் தொடங்கிய ஒத்திகை ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள் 'நான்தான்' என்பதில் வந்து நின்றது. கோழிதான் என்னை முறைத்துக்கொண்டே வந்தது.

முத்தையாவுக்கு மடவார் வளாகம் கோயிலுக்குப் போகும் வழியில் பம்ப் மோட்டார் ரிப்பேர் கடை. பிளவக்கல் அணைப் பக்கத்து விவசாயி ஒருவர் மோட்டாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முத்தையா எழுந்து, கையைத் துடைத்து, ஸ்டூலைப் போட்டார்.

"வாங்க சார். வெயில்ல வந்திருக்கிய. காபி சாப்பிடுதியளா?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "கடைக்காரப் பொண்ணு ஒண்ணும் செய்யல. நான்தான் அழிச்சேன். நீங்க யாருன்னு தெரியாம, சமையல்காரர்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

அவர் கை துடைத்த துணியை மோட்டார் மேல் போட்டார்.

"சமையல்காரரா இருந்தா அழிச்சிரலாமா சார்?"

நாற்பது பேர் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன் நான். அன்றைக்கு மடிக்கணினியைத்தான் திறந்தேன்.

"சரி, திருப்பிக் கொண்டாங்க. பெரிய சாப்ட்வேர்னு நிவேதா சொல்லிச்சே" என்றார்.

"அசல் படம் இல்ல. அதையும் அழிச்சிட்டேன்."

இதற்குத்தான் அவர் முகம் வாடியது. "நான் அன்னிக்குப் பந்தியிலயே நின்னேன் சார். வேற யாரு போன்லயும் நான் கெடையாது. அந்த ஒரு போட்டோவுக்குத்தான், வாளியக் கூட கீழ வைக்க விடாம, 'வா மாமா'ன்னு இழுத்துட்டுப் போனான் அந்தப் பய."

நான் கிட்டத்தட்டக் கெஞ்சினேன். "இப்பவே உங்கள ஒரு படம் எடுத்து அதுல சேத்துருதேன். இந்த மென்பொருளால முடியும்." மென்பொருளால் முடியும்தான். என்னால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

கடை ஷட்டர் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். வெட்டினேன். ஒட்டினேன். விவசாயியும் எதிர் டீக்கடைக்காரரும் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

முதல் முயற்சியில் முத்தையாவின் தலை மற்றவர்கள் தலையைப் போல மூன்று மடங்கு.

"அண்ணாச்சி, ஊர் எல்லையில நிக்க அய்யனார் கணக்கா இருக்கிய!" என்றார் டீக்கடைக்காரர்.

பதறிப்போய்ச் சுருக்கினேன். அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டார். சுருங்கியவர் மண்டபச் சொந்தக்காரரின் தலைமேல் மைனா போல உட்கார்ந்தார்.

"இது யாரு தலையில?" என்றார் முத்தையா.

"மண்டபக்காரர். அவரத்தான் நீங்கன்னு நெனச்சு வெளிச்சமெல்லாம் குடுத்தேன்."

"யாரு, அந்த ஆளா? சாவி வாங்க வந்தவரா?"

"ஆமா."

நான் எதையோ அழுத்தினேன். படம் முழுவதும் முத்தையாக்கள். முன்வரிசையில், பின்வரிசையில், திரைச்சீலையில், என் மைத்துனன் ஆசீர்வதிக்கும் உள்ளங்கையில், எங்கும் எண்ணெய்க் கறைச் சட்டையோடு முத்தையா.

"முத்தையா, இதையே போடச் சொல்லு. பொண்ணு வீட்டாளுக பயந்து கெடப்பாக!" என்றார் விவசாயி.

முத்தையா வாயை இறுக்கிப் பார்த்தார். மீசை துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மோட்டார் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் தொற்றி, டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளர் தளும்பி, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அது முழுவதும் சிரிப்பினால் வந்ததில்லை.

"மூடுங்க சார் அந்தப் பொட்டிய" என்றார் கடைசியில். "மொதல்ல அந்தக் கடப் பிள்ளைக்குப் போனப் போட்டுச் சொல்லுங்க. பொறவு எங்க அக்காட்ட சொல்லுங்க. எம் முன்னால சொல்லுங்க."

சொன்னேன், இருவரிடமும், ஸ்பீக்கரில். ஜெயந்தி, "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். அவருடைய அக்கா, கார்த்திக்கின் அம்மா, "ஏலே தம்பி, நீ வருவேல்ல?" என்று என்னைத் தாண்டி அவரிடம் கேட்டார்.

"வாரேன்க்கா. கார்த்தியக் கடைக்கு அனுப்பு. நாங்க ரெண்டு பேரும் நிக்க மாதிரி சார் ஒரு போட்டோ எடுக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு. எதையும் அழிக்கக் கூடாது."

தொடாத படம்

கார்த்திக் வந்தான். மாமன் தோளில் கை போட்டார். கையில் கிரீஸ் இருந்தது, பின்னால் ஷட்டர் இருந்தது, ஓரத்தில் விவசாயியின் மோட்டார் இருந்தது. என் போனில் எடுத்தேன். ஓரத்தைக்கூட வெட்டாமல் ஜெயந்திக்கு அனுப்பினேன்.

அவள் உடனே கூப்பிட்டாள். "சார், மாமா கண்ண மூடியிருக்காங்களே? திறந்து விட்டுரட்டா? ரெண்டு நிமிசம்."

"தொடாதம்மா. அப்படியே போடு."

பெரிய மென்பொருளை நான் இன்னும் நீக்கவில்லை. பொய் சொல்வானேன், அந்த அரை நிமிடத்தின் ருசி இன்னும் விரலில் இருக்கிறது. அதனால்தான் இப்போது போனில் இருக்கும் சின்னதோடு நிறுத்திக்கொள்கிறேன். சாய்ந்ததை நிமிர்த்துவேன். எல்லாருக்குமாகக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவேன். ஜெயந்தி சொன்ன அம்புட்டுதான்.

கல்யாணத்தன்று காலை ராஜபாளையத்து மண்டப வாசலில் புது ஃப்ளெக்ஸ். முத்தையா பட்டு வேட்டியில் மாலைக் கூடையோடு வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார்.

"சார்! ஊருக்கே தெரியுதாப்ல கண்ண மூடிட்டு நிக்கேனே!"

"நீங்கதான எதையும் தொடக் கூடாதுன்னிய?"

"அழிக்கக் கூடாதுன்னு சொன்னேன். கண்ணத் தொறந்து விட வேண்டாம்னா சொன்னேன்? அம்புட்டுப் பெரிய சாப்ட்வேர வச்சுக்கிட்டு!"

வாசலில் நின்ற இளவட்டங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர் அவர்களை ஏசிக்கொண்டே உள்ளே போனார். மருமகன் கழுத்தில் மாலையைப் போட்டார், கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார். அந்த நேரத்தில் அவர் யாரையும் ஏசவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் குடும்பப் படம். போட்டோகிராபர் எங்களை வரிசைப்படுத்தினார். முத்தையாவை முன்வரிசை நடுவில் உட்காரவைத்தார்கள். நான் பின்னால் நின்றேன். கார்த்திக் நிவேதாவின் காதில் ஏதோ சொன்னான். அவள் தன் அம்மாவிடம் சொன்னாள். அது அப்படியே வரிசை முழுக்கப் போய் என் காதுக்கும் வந்தது. சொர்ணம் முழங்கையால் இடித்து, "கண்ண மூடுங்க" என்றாள்.

மூடினேன். எல்லாரும் மூடினார்கள். இருட்டுக்குள் பட்டுச் சேலைகள் குலுங்கும் சத்தமும், அடக்க முடியாத மூச்சுகளும், எல்லாவற்றுக்கும் மேலே முத்தையாவின் குரலும் கேட்டன.

"ஏலே, கண்ணத் தொறங்கலே! சார், நீங்களுமா? போட்டோக்காரத் தம்பி, எடுக்காத, எடுக்காத! எல்லாரும் கண்ணத் தொறங்கலே!"

யாரும் திறக்கவில்லை.